மழைக்காலத்தில் தம்பிக்குப் பழக்கிய விளையாட்டு

போன வாரம் நம் மாதர் சங்கத்தில் பேச்சு பேரக் குழந்தைகள் பக்கம் திரும்பியது. இரண்டு வயதுக் குழந்தையை வீட்டுச் சாமானை வைத்தே எப்படி விளையாட வைப்பது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னீர்கள். கரண்டியும் கிண்ணமும் போதும் என்றார் ஒருவர். பழைய பத்திரிகையைக் கிழிக்கக் கொடுத்தால் ஒரு மணி நேரம் நிம்மதி என்றார் இன்னொருவர். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "நீங்கள் குழந்தையே வளர்த்ததில்லையா?" என்று காரியதரிசி கேலி செய்ததும் எழுந்து வந்துவிட்டேன். கர்வம் பிடித்தவள் என்று நினைத்திருப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வயதுக் குழந்தைக்கான விளையாட்டுகள் உங்கள் எல்லோரையும்விட எனக்கு அதிகம் தெரியும். ஒன்பது வயதில், ஒரே மழைக்காலத்தில் கற்றுக்கொண்டேன். வாயால் சொல்ல வரவில்லை, எழுதிப் பார்க்கிறேன்.

நாங்கள் அப்போது பாலிகஞ்சில் இருந்தோம். இன்றைய பாலிகஞ்சை நினைத்துக்கொள்ளாதீர்கள். குளமும் மூங்கில் புதரும் நடுவில் பத்து வீடும் இருந்த காலம் அது. கொல்லைக்குப் பின்னால் ரயில் பாதை. அப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஆபீசர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து கல்கத்தாவில் குடியேறிய முதல் சில குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று என்பதில் அவருக்கு ஏகப்பெருமை. சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு வந்துவிட்ட அத்தையின் இடுப்பில்தான் வீட்டுச் சாவிக்கொத்து. அம்மா ஆறு மாதக் கர்ப்பம். கால் வீங்கிப் படுத்தே இருந்தாள். இரண்டரை வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒரு வங்காளப் பெண்மணி காலையில் வந்து சாயங்காலம் போவாள். அந்த ஊர் வழக்கப்படி அவளை நான் மாஷி என்று கூப்பிடுவேன். நாம் சித்தி என்பதுபோல.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்து மாட்டு வண்டி வருவது நின்றுபோனது. மூன்று வாரம் நானும் தம்பியும் மாஷியும் ஒரே கூடத்தில் அடைந்து கிடந்தோம். சிவப்புச் சிமெண்டுத் தரை, மேலே ஈரத்துணிக் கொடி, மூலையில் கரி அடுப்பின் புகை. எதையாவது கொடுக்காவிட்டால் தம்பி அத்தையின் பூஜைச் சாமானை இழுத்துவிடுவான். அப்படித்தான் தொடங்கியது.

அம்மாவின் தையல் மிஷினில் நூல் தீர்ந்த கட்டைகள் ஒரு கூடை இருந்தன. அவற்றைக் கயிற்றில் கோத்து இழுக்க விட்டேன். மிட்டாய்க் கடையிலிருந்து தயிர் வரும் மண் குடுவைகளைக் கழுவிக் காயவைத்துக் கோபுரமாக அடுக்கினேன். அவன் தள்ளுவான், நான் அடுக்குவேன். தாம்பாளத்தில் அரிசி மாவைப் பரப்பி விரலால் கோடு போடக் கொடுத்தேன். இரண்டு சொம்பும் ஒரு கிண்ணமும் முற்றத்தில் வைத்தால் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டே இருப்பான். மாஷி வாழை மட்டையைக் கிள்ளிப் படகு செய்வாள். பழைய புடவைக் கரையைச் சுருட்டிக் கண்ணும் மூக்கும் இல்லாத ஒரு பொம்மை கட்டிக் கொடுத்தாள். காசு கொடுத்து வாங்கிய சாமான் ஒன்றுகூட இல்லை. அவன் சிரித்த சிரிப்பை இன்று எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஒன்றே ஒன்றுதான் எடுபடவில்லை. பிஸ்கட் டின்னில் புளியங்கொட்டை போட்டு மூடி, கிலுகிலுப்பை செய்தேன். அதில்தான் எனக்குப் பெருமை அதிகம். அவன் முகத்துக்கு எதிரே ஆட்டினேன். டின்னில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தான். முதுகுக்குப் பின்னால் ஆட்டினேன், திரும்பவே இல்லை. கையில் கொடுத்தால் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு, ஆட்டும்படி என் கையைப் பிடித்து இழுப்பான். நான் ஆட்டினால் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பான். விசித்திரமான பிள்ளை என்று நினைத்தேன். ஒன்பது வயதில் அதற்கு மேல் என்ன தோன்றும்?

அவன் இன்னும் பேசவில்லை. 'அம்மா' கூட இல்லை. அதற்கான காரணத்தை அத்தை ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தாள்.

"ரெண்டு பாஷையைக் காதில போட்டா குழந்தை எதைத்தான் பிடிச்சுப்பான்? பகல் பூரா அவ வங்காளத்துல கொஞ்சறா. சாயங்காலம் நாம தமிழ்ல கொஞ்சறோம். கொழம்பிப் போய் வாயை மூடிண்டுட்டான்."

சிரிக்காதீர்கள். கல்கத்தாத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் அன்று இந்தப் பயம்தான். பவானிபூரில் ஒரு தமிழ் வீட்டுப் பையன், ஊரிலிருந்து வந்த சொந்தப் பெரியப்பாவிடம் வங்காளத்தில் தண்ணீர் கேட்டானாம். அந்தக் கதையை எங்கள் வீட்டில் சாவுச் செய்திபோலச் சொன்னார்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு மிச்சம் இருந்தது பாஷை ஒன்றுதான். பிள்ளைக்கு எது ஆனாலும் அதைக் கொண்டு போய் அங்கேதான் முடிச்சுப் போட்டார்கள்.

அப்பா உத்தரவு போட்டார். "நாளையிலேர்ந்து இந்தாத்துல வங்காளம் கூடாது. மாஷிக்கும் சொல்லியாச்சு. வேலையைப் பார்க்கட்டும், குழந்தைகிட்ட வாயைத் திறக்கப்படாது."

மறுநாளிலிருந்து மாஷி ஊமைபோல நடமாடினாள். எனக்கு அழுகையாக வந்தது. அம்மா சங்கடப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சமையல் உள்ளில் அத்தைக்கே ஒரு மாதிரி இருந்தது. வீட்டில் ஒருவனுக்கு மட்டும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தம்பி எப்போதும்போல அவள் மடியில் உட்கார்ந்து விளையாடினான். அதை ஒருவராவது கவனித்தார்களா?

மாஷி கவனித்தாள். வாய்க்குப் பதில் கையை எடுத்தாள். கட்டைவிரலை உதட்டில் வைத்தால் பால். ஒரு கையை மற்றக் கையின்மேல் வேகமாகத் தேய்த்துக்கொண்டு போனால் ரயில். கன்னத்தில் இரண்டு தட்டு தட்டினால் அக்கா, அதாவது நான். ஒரு வாரத்தில் தம்பி பதினைந்து பதினாறு பிடித்துக்கொண்டான். தானாகவும் ஒன்றிரண்டு செய்தான். காலையில் கன்னத்தை இரண்டு தட்டு தட்டிக்கொண்டு என் படுக்கைக்கு ஓடி வருவான். அவன் என்னைக் கூப்பிட்டது அப்படித்தான்.

ஒருநாள் அத்தை குளிக்கப் போயிருந்தபோது மாஷி என்னைக் கிட்டே இழுத்தாள். தன் காதைத் தொட்டு, கையை விரித்து, மெதுவாகச் சொன்னாள். "கூக்கி, கோகா ஷுன்தே பாய் நா." சின்னப் பெண்ணே, பையனுக்குக் காது கேட்கவில்லை. அவள் அக்கா பிள்ளையும் இப்படித்தானாம். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்றே ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கவும் எழுதவும் சொல்லித் தருகிறார்கள், காளிகாட் போய் டிராம் ஏறினால் போய்விடலாம் என்றாள். "பாபுவிடம், உன் அப்பாவிடம், நீ சொல். நான் சொன்னால் எடுபடாது."

சொன்னேன். அப்பா ஆபீசிலிருந்து வந்து காலணியைக்கூடக் கழற்றவில்லை. கேட்ட மாத்திரத்தில் அத்தை என் வாயில் ஒன்று வைத்தாள். "தம்பியைச் செவிடுங்கறியே, நாக்கு அழுகிடும். கொல்லையில ரயில் வந்தா துள்ளிண்டு ஓடறானே, அதென்ன காது கேக்காமயா?"

அப்பா ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தார். தரையில் உட்கார்ந்திருந்த தம்பியின் முதுகுக்குப் பின்னால் போட்டார். தம்பி சட்டென்று திரும்பினான். அம்மா உள்ளேயிருந்து "பெருமாளே" என்று அழுதேவிட்டாள். எனக்கு மட்டும் மூன்று வாரத்து விளையாட்டு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. டின்னை வயிற்றில் வைத்து அழுத்தியது, ரயில் வருவதற்கு முன்பே தரையில் உள்ளங்கையை வைத்தது. அவனுக்குக் காது கேட்கவில்லை, தரை அதிர்வதுதான் தெரிகிறது.

"கட்டில்ல மெத்தை மேல உக்கார வச்சுட்டு தாம்பாளத்தைப் போடுங்கோப்பா," என்றேன்.

அப்பா குனிந்து தாம்பாளத்தை எடுத்து அலமாரியில் வைத்தார். "ஞாயித்துக்கிழமை டாக்டர் பாபுவை வரச் சொல்றேன். அவர் பார்க்கட்டும்," என்றார்.

இத்தோடு நான் நிறுத்தியிருந்தால் இன்று உங்களோடு சேர்ந்து நானும் சிரித்துக்கொண்டிருப்பேன். மறுநாள் அத்தை அரிவாள்மணையில் புடலங்காய் நறுக்கிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். அடிக்கவில்லை. அன்பாகத்தான் பேசினாள்.

"செவிடுன்னு அந்த டாக்டர் வாயால வந்துடுத்துன்னா தம்பியை இங்கேயே வச்சுப்பான்னு நினைச்சியா? கண்காணாத எடத்துல கொண்டு விட்டுடுவா. உனக்கும் நாளைக்கு ஒரு வரன் வராது. இப்படி ஒண்ணு இருக்கற ஆத்துல எவன் பொண்ணு எடுப்பான்? யோசிச்சுக்கோடி கண்ணா."

வரனைப் பற்றி எனக்கு என்ன கவலை? முதலில் சொன்னதுதான் நெஞ்சில் இறங்கியது. மாஷி ஒன்று சொல்லியிருந்தாள், அத்தை வேறொன்று சொன்னாள். டிராமில் போய் வரும் பள்ளிக்கூடம், கண்காணாத இடம். இரண்டில் நம் பாஷையில் சொன்னவளை நம்பினேன். அந்த வீட்டில் வளர்ந்தவள் வேறெப்படி நினைப்பேன்?

ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளில் ஒரு புது விளையாட்டு கண்டுபிடித்தேன். இதை நீங்கள் யாரும் சங்கத்தில் சொல்லவில்லை. தம்பியைக் கட்டிலில் மெத்தைமேல் உட்கார வைப்பேன். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு கல்கண்டு. நான் கால்மாட்டில் நின்று முழங்காலால் கட்டில் சட்டத்தை லேசாக இடிப்பேன். அவன் திரும்பிப் பார்த்தால் கல்கண்டு கிடைக்கும். இடிக்காதபோது திரும்பினால் அங்கே ஒன்றும் இருக்காது. கெட்டிக்காரன், இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டான். வேடிக்கை பார்ப்பவர் கண்ணில் படாதபடி எவ்வளவு மெதுவாக இடித்தால் போதும் என்று நானும் பழகிக்கொண்டேன். மாஷி வெளியே துணி துவைக்கும் நேரமாகப் பார்த்துத்தான் இந்த விளையாட்டு. சாயங்காலம் அவன் உள்ளங்கையெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும். நானே துடைத்துவிடுவேன்.

டாக்டர் பாபு வந்தார். பருத்த மனிதர், வெள்ளை வேட்டி, குடை. நான் சொன்னதை அப்பா அவரிடம் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. வந்ததும் குழந்தையைக் கட்டிலில் வைக்கச் சொன்னார். அத்தை பூஜை மணியைக் கொண்டு வந்து கொடுத்தாள். அப்பா ஜன்னல் பக்கம், மாஷி வாசற்படியில், நான் கால்மாட்டில்.

மணி அடித்தது. முழங்காலை இடித்தேன். தம்பி திரும்பினான். கல்கண்டைத் தேடினான்.

இரண்டாம் தரம் அடித்தது. திரும்பினான். மூன்றாம் தரமும் திரும்பி, அப்போதும் ஒன்றும் இல்லாததால் ஓவென்று அழுதான். "சத்தம் பிடிக்கவில்லை அவனுக்கு," என்று டாக்டர் சிரித்தார்.

"கூக்கி, முழங்காலை எடு," என்றாள் மாஷி.

அந்த வீட்டில் இரண்டு வாரத்துக்குப் பிறகு உரக்கக் கேட்ட முதல் வங்காளச் சொல் அது. டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "கட்டிலை இடித்தாயா, அம்மா?" என்று வங்காளத்தில் கேட்டார்.

"நா," என்றேன் நானும் வங்காளத்தில். இல்லை. மாஷியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நீ கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து நில். இன்னொரு தரம் அடித்துப் பார்க்கிறேன்," என்று டாக்டர் மணியை எடுத்தார். அதற்குள் அப்பா ஜன்னலைவிட்டு வந்து தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "போதும் டாக்டர் பாபு, குழந்தை அழுகிறான்," என்று இங்கிலீஷில் சொன்னார். கண்ணியமான வீட்டுப் பெண் ஒரு பக்கம், வேலைக்காரி ஒரு பக்கம். டாக்டர் யாரை நம்புவார்? காது நன்றாக இருக்கிறது, பிடிவாதம்தான், ஒரே பாஷையில் வளர்த்து வாருங்கள், பேசிவிடுவான் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு ஒரு பானை ரசகுல்லா வந்தது.

மாஷியை அந்த நிமிஷமே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எஜமானர் பெண்மேல் பழி போட்டாளாம், உத்தரவை மீறினாளாம். அவள் என்னைத் திட்டவில்லை. தம்பியின் முன்னால் குந்தி, கட்டைவிரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். பால் வரப்போகிறது என்று அவன் கைகொட்டிச் சிரித்தான். அவள் மழையில் இறங்கிப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து தம்பி கைகாட்டும்போதெல்லாம் அத்தை அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "வாயைத் திறந்து கேளுடா" என்பாள்.

வாய் திறக்கவில்லை. துர்கா பூஜைக் கொண்டாட்டத்தில் பக்கத்து ஜமீன்தார் வீட்டில் பெரிய மேளம் அடித்தார்கள். தம்பி ஓடிப்போய் மேளத்தோடு நெஞ்சை ஒட்டிக்கொண்டு ஆடினான். "காது கேக்காதவனா மேளத்துக்கு ஆடறான்?" என்று அத்தை ஊரையே கூட்டிக் காட்டினாள். கடைசியில் குடும்பமாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். கல்கத்தாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வங்காளம். சுத்தமாகத் தமிழே காதில் விழும் இடத்தில் குழந்தை கொஞ்ச காலம் இருக்கட்டும். அம்மாவின் அண்ணா, எங்கள் மாமா, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து அழைத்துப் போனார்.

செவிடு என்று தெரிந்தால் எங்கேயோ கொண்டு விட்டுவிடுவார்கள் என்று பயந்துதானே முழங்காலை இடித்தேன்? செவிடு இல்லை என்று தெரிந்ததால் கொண்டு விட்டார்கள். ஹௌரா ஸ்டேஷனில் மாமா தோளிலிருந்து தம்பி கன்னத்தை இரண்டு தட்டு தட்டினான். அத்தை பக்கத்தில் இருந்தாள். நான் பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை. அடுத்த ஸ்டேஷன் சாந்த்ராகாச்சி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான், தொந்தரவே இல்லை என்று மாமா கடிதம் போட்டார். அடுத்தடுத்த கடிதங்களில் வேறு சங்கதி. பிள்ளைக்குப் பிடிவாதம் குறையவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று கல்கத்தா டாக்டரே சொன்ன பிறகு இது கொழுப்புத்தானே? வாத்தியார் பிரம்பால் இரண்டு கொடுத்தும் வாயைத் திறக்கவில்லை.

எனக்குப் பதின்மூன்றாவது வயதில் மாமாவின் ஊரிலேயே கல்யாணம் நடந்தது. தம்பிக்கு ஆறரை வயது. முழங்கையில் பழைய தழும்புகளோடு பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூட்டத்தில் அவனைக் கண்டதும் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. மணப்பெண் கோலத்திலேயே கிட்டே போய், கன்னத்தில் தட்டிக் காட்டலாம் என்று கையைத் தூக்கினேன். அவன் சட்டென்று இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குந்திவிட்டான். அங்கே யார் கையைத் தூக்கினாலும் அடிக்கத்தான் தூக்கினார்கள். "பாருங்கோ, அக்காவைக்கூடத் தெரியலை," என்று பக்கத்திலிருந்த யாரோ சிரித்தார்கள்.

அவனுக்கு எட்டு வயதானபோது, மாட்டு வண்டிக்காரன் தொண்டை கிழியக் கத்தியும் விலகாமல் நடுத்தெருவில் நின்றதைப் பார்த்துத்தான் மாமாவுக்குச் சந்தேகம் வந்தது. அப்பாவுக்கு எழுதினார். அப்பா பதில் போடவில்லை. தம்பி நாற்பத்திரண்டு வயதில் கண்ணை மூடும்வரை மாமா வீட்டில் நெல் காயப்போட்டுக்கொண்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டும் இருந்தான். படிக்கவில்லை, எழுதவில்லை. பசித்தால் சமையல் உள் வாசலில் வந்து நிற்பான். அவனோடு யாரும் பேசியதில்லை, அவனும் யாரோடும் பேசியதில்லை.

எனக்கு முப்பது தாண்டிய பிறகு, அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று பாலிகஞ்ச் வீட்டிலேயே இருந்தார். அத்தையும் அம்மாவும் போய்விட்டார்கள். அவரைப் பார்க்க நான் கல்கத்தா போயிருந்தபோது ஒரு மத்தியானம் காபி கொண்டுபோய் வைத்தேன். அன்று என்னவோ அடக்க முடியவில்லை. கல்கண்டு, கட்டில், முழங்கால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடிப்பார், அழுவார் என்று நினைத்தேன்.

அப்பா காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "தெரியும்டி," என்றார். "ஜன்னல்கிட்டேர்ந்து நானும் பார்த்துண்டுதான் இருந்தேன். இன்னொரு மணி அடிச்சா தெரிஞ்சு போயிடும்னுதான் குழந்தையைத் தூக்கினேன்."

ஒரு வாய் குடித்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"செவிடுன்னு வெளியில தெரிஞ்சிருந்தா உன்னை யாருக்குக் குடுத்திருப்பேன்? நீ பண்ணினது நன்னாத்தான் இருந்தது எனக்கு."

இருபத்திரண்டு வருஷம் நான் ஒருத்தியாகச் சுமந்த பாவம் என்று நினைத்திருந்தேன். எனக்காக என்று சொல்லிக்கொண்டு அவர் அதில் பாதியை எடுத்துக்கொண்டார். ஆனால் பாரம் குறையவில்லை. கேட்பதற்கு ஆயிரம் இருக்க, ஒன்றுதான் வாயில் வந்தது.

"தெரிஞ்சிருந்ததுன்னா மாஷியை ஏன்ப்பா அனுப்பினேள்? அவ இருந்திருந்தா அவனுக்குக் கையாலயாவது நாலு வார்த்தை இருந்திருக்குமே."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவ பார்த்துட்டாளேடி," என்றார்.